முட்டைக்கும் கறிக்கும் ஆகிற கோழி

சித்தப்பாவைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேசினால் இன்றும் நான் எழுந்து போய்விடுவேன். காரணம் கோழி. கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும் நாங்கள் மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் பழைய தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலேயே இருந்தோம். அக்கா தெலுக் இந்தானில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே, கோழி வளர்க்கப் போவதாக அம்மா அறிவித்தாள். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்து அழைத்து வந்ததும் அக்காவுக்குத் தினமும் முட்டை வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு பத்தியத்துக்குக் கோழிக்கறி வேண்டும்.

எந்தக் கோழி என்பதில் வீடு ரெண்டுபட்டது. அப்பா முட்டைக்கோழி என்றார். அது முட்டையிட்டு ஓய்ந்தால் எலும்பும் தோலும்தான் மிஞ்சும் என்றாள் அம்மா. அப்பாவின் தம்பியான சித்தப்பா வெள்ளைப் பண்ணைக்கோழிக்குக் கொடி பிடித்தார். அது சீக்கிரம் கொழுக்கும், முட்டைக்கு உதவாது. கம்போங் கோழி என்கிற நாட்டுக்கோழியோ கொஞ்சம் முட்டையிட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். கடைசியில் அம்மா தானே பஸ் ஏறிப் போய், தீனிக்கடைச் சீன முதலாளியான தவுக்கேயைத் துருவித் துருவிக் கேட்டு, இரண்டுக்கும் ஆகிற கனத்த சிவப்பு இனக் குஞ்சுகளை வாங்கி வந்தாள்.

அந்த இனத்துக்கு அவசரமே கிடையாது. பண்ணைக்கோழிபோல மளமளவென்று சதை போடாது, முட்டைக்கோழிபோலச் சீக்கிரம் முட்டைக்கும் வராது. மாதங்கள் ஓடின. சித்தப்பா வரும்போதெல்லாம், "என்ன அண்ணி, முட்டையும் காணோம், கறியும் காணோம்லா?" என்று கேட்டுச் சிரிப்பார். தீனி போடுவதும் கூண்டு கழுவுவதும் என் வேலை. பெட்டைகளின் கொண்டை சிவக்கத் தொடங்கியதும், "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றாள் அம்மா. வளைகாப்புக்கும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து முனியாண்டி பூசை வந்தது. சித்தப்பாவின் உபயம். எங்கள் முனியாண்டிக்குப் பண்ணைக்கோழி அறுக்கமாட்டார்கள். வீட்டில் வளர்ந்த சேவல்தான் வேண்டும். அம்மாவும் நானும் பூசைக்குக் காய்கறி வாங்க டவுனுக்குப் போயிருந்தபோது, சித்தப்பா எங்கள் கூண்டைத் திறந்தார். சேவல்கள் சாமிக்கு, பெட்டைகள் விருந்தாளிகளுக்கு. அப்பா பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

நாங்கள் திரும்பியபோது வாசலெல்லாம் சிவப்பு இறகு.

"முட்டை போடாத கோழிதானே அண்ணி, வச்சிருந்து என்னா செய்ய?" என்றார் சித்தப்பா.

வெந்நீர்ப் பானையருகே ஒரு தட்டில், பெட்டைகளின் வயிற்றிலிருந்து எடுத்த முட்டைக்கருக்கள் சிறிதும் பெரிதுமாக மஞ்சளாகக் கிடந்தன. ஒன்றுக்கு ஓடுகூட வந்திருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவாவது தம்பியை ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன்.

"பரவால்ல விடுலா, வேற வாங்கிக்கலாம்" என்றார் அவர். அத்தனை மாதங்களை எந்தக் கடையில் வாங்குவது?

அம்மா கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவளோ சேலையை மாற்றிக்கொண்டு வந்து கறியைச் சமைத்தாள். பூசை முடிந்து ஆண்கள் பந்தியில் உட்கார்ந்ததும், கறி வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறவும் கிளம்பினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"போடாதம்மா! அது நம்ம கோழி!"

முதுகில் பளாரென்று ஓர் அடி விழுந்தது. அடுத்த நொடி அம்மா சிரித்த முகத்தோடு இலைமேல் குனிந்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க, மாப்பிள்ளை."

சித்தப்பா கூப்பிட்டு வந்திருந்த அக்காவின் கணவரும் அவருடைய அப்பாவும் அந்த வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கறி பிரமாதம் என்றார்கள். அம்மா அன்று வாயைத் திறந்திருந்தால், சம்பந்தி வீட்டுக்குப் போட்ட கோழிக்கு அழுதவளின் மகள் என்று அக்கா அந்த வீட்டில் ஆயுசுக்கும் பேச்சு வாங்கியிருப்பாள். எனக்கு அது தெரியவில்லை. அன்றைக்குச் சித்தப்பாவைவிட, அப்பாவைவிட, அம்மாமேல்தான் எனக்கு அதிகக் கோபம்.