தனகோடி அண்ணன் வரைந்த மாயா ராஜா

ஆரணியில் பட்டுச்சேலைக்கு டிசைன் வரைகிறவர்களில் தனகோடி அண்ணனைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. கண் நரம்பு கெட்டுவிட்டது, இன்னும் சில மாதம்தான் பார்வை என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்த மனுஷன் கட்டம் போட்ட தாளை விரித்து, மெக்சிகோ நாட்டு ராஜா ஒருவனை வரைய ஆரம்பித்தார்.

மகள் ஜெயப்ரியா அங்கேதான் ஆராய்ச்சி செய்கிறாள். மாயா இனத்தாரின் பலேன்கே என்ற நகரத்தை ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஆண்ட ராஜாவின் பெயர் பக்கால். பன்னிரண்டு வயதில் பட்டத்துக்கு வந்து அறுபத்தெட்டு வருஷம் ஆண்டானாம். இடது பக்கத்திலிருந்து அம்மா கிரீடத்தை நீட்ட, அவன் உட்கார்ந்திருக்கும் கற்பலகையின் படத்தை அனுப்பியிருந்தாள். அண்ணனும் பன்னிரண்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர். அதனாலோ என்னவோ, பார்வை போவதற்குள் அந்த ராஜாவைப் பட்டில் பார்த்து மகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தவித்தார்.

பக்கத்து வீட்டு நெசவாளியான என் தறியில்தான், அவர் வரைந்ததைத் துளைகளாகக் குத்திய அட்டையை மாட்டினோம். தினமும் வந்து மூக்கு இழையில் படும்படி குனிந்து பார்ப்பார். கடைசி மாதம் அவர் மனைவி ஜெயம் அண்ணிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

தறியிலிருந்து துணியை அறுத்துத் திருப்பியதும்தான் தப்பு தெரிந்தது. எங்கள் தறியில் துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும். வரைந்தது அதில் இடம்வலம் மாறித்தான் விழும். மயிலும் மாங்காயும் எந்தப் பக்கம் திரும்பினால் யாருக்கென்ன? நாற்பது வருஷமாக நாங்கள் அதை யோசித்ததே இல்லை. இப்போது அம்மாவும் பிள்ளையும் இடம் மாறி, ராஜாவின் பெயரெழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி நின்றது. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். இன்னொன்று வரைய அவருக்குக் கண் இல்லை.

ஜெயப்ரியா வீடியோவில் வந்தாள். துணியைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. மாறி விழுந்ததை அண்ணனிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. அண்ணனுக்கு வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது.

"எழுத்து சரியா வந்துகீதாம்மா?" என்று கேட்டார்.

"கல்லுல இருக்கிற மாதிரியே வந்திருக்குப்பா."

"அந்த அம்மா எந்தப் பக்கம் உக்காந்துகினு இருக்காங்க?"

"இடது பக்கம்பா."

அண்ணன் சிரித்தார். துணியை மடியில் பரப்பி, ஜரிகை மேட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். கிரீடத்தை நீட்டும் கை வலது பக்கத்திலிருந்து வந்தது. விரல் நின்றுவிட்டது. மறுபடியும் ஓரத்திலிருந்து மெல்லத் தடவினார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

"ஆமாம்மா, இடது பக்கந்தான்," என்றார். "நீ அழாத."