மாதவி அக்கா அரைத்த சிவப்புச் சட்னி

விடியும் முன்னே எங்கள் தாமான் குடியிருப்பில் ஹாரன் சத்தம் கேட்டால் அது விமலன் அண்ணன்தான். கிள்ளானில் பல வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள் ஏறும்வரை பொறுமையாக நிற்பார், ஏறிய பிறகு ரோட்டில் போகிற எல்லாரையும் திட்டிக்கொண்டே ஓட்டுவார். தங்கமான மனிதர், ஆனால் வீம்புக்காரர்.

போன வருடம் கிளினிக்கில் அவருக்குக் கொழுப்பு அதிகம் என்று தினமும் ஒரு மாத்திரை போடச் சொன்னார்கள். செத்தாலும் அதைத் தொடமாட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரியான என் முன்னாலேயே சபதம் போட்டார். அவர் மனைவி மாதவி அக்கா கெஞ்சிப் பார்த்தார், பிறகு பேச்சை விட்டுவிட்டார். அக்கா அப்படிச் சும்மா இருந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

நேராகச் சீன மருந்துக்கடைக்குப் போய் அங்காக் வாங்கி வந்தார். அரிசியில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்துப் புளிக்கவைத்தது அது, அடர்சிவப்பாக இருக்கும். சீனர்கள் கோழிக்கறியில் போடுவார்கள். கொழுப்பைக் குறைக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அக்கா அதைப் பொடித்து, இட்லிக்கு அரைக்கும் மிளகாய்ச் சட்னியில் தினமும் கலந்தார். அந்தச் சிவப்பில் இந்தச் சிவப்பு யாருக்குத் தெரியப்போகிறது? என்னிடம் மட்டும் சொல்லிச் சிரித்தார்.

கொஞ்ச நாளில் அண்ணனுக்குத் தொடையும் கெண்டைக்காலும் வலிக்க ஆரம்பித்தன. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். ஒருநாள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது கால் சொன்னபடி கேட்காவிட்டால் என்ன ஆவது, வேனை விற்றுவிடுகிறேன் என்றார். வேன் இல்லாத அண்ணனை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இருவரையும் என் காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் ஷாமினி கேட்டதும் அக்கா அழுதுகொண்டே சட்னியை ஒப்புக்கொண்டார். அந்தப் பூஞ்சையில் இருப்பதும் கொழுப்பு மாத்திரையைப் போன்ற மருந்துதான் என்றார் டாக்டர். மாத்திரையும் சேர்த்துப் போட்டாரா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றார் அக்கா. அண்ணன் தரையைப் பார்த்தார்.

"போட்டுக்கிட்டுதான் இருக்கேன், டாக்டர். வேன்ல ஒளிச்சு வச்சிருக்கேன்."

சபதம் போட்ட வாயால் தோற்றேன் என்று சொல்ல வெட்கம். ஆனால் சாமி படத்தின் முன்னால் மனைவி அழுவதைப் பார்த்த பிறகு ரகசியமாகப் போட ஆரம்பித்திருக்கிறார். இரண்டு மருந்தும் சேர்ந்துதான் தசையைப் பதம் பார்த்திருக்க வேண்டும் என்ற டாக்டர், ரத்தம் எடுத்துக்கொண்டு இரண்டையும் நிறுத்தச் சொன்னார். கால் சரியாகிவிடும், வேனை விற்க வேண்டாம் என்றார்.

திரும்பி வரும்போது காரில் அக்கா கேட்டார்.

"சட்னி ருசி மாறுனது தெரியலையா உங்களுக்கு?"

"மொத நாளே தெரிஞ்சுச்சு லா. கசந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ எதிர்ல உக்காந்து, நான் சாப்புடறதையே பாத்துக்கிட்டு இருந்தே. எப்படிச் சொல்றது?"