இருபத்தெட்டு அர்த்தங்கள்

காலை ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது வெள்ளைப் பலகை. அதன் உச்சியில் 'கிவ்' என்ற ஆங்கிலச் சொல். கீழே ஒன்று முதல் இருபத்தெட்டு வரை எண்கள். ஆசிரியர் இன்னும் வந்திருக்கவில்லை.

அமீர்பேட்டில் எந்தப் பயிற்சி நிலையமானாலும் முதல் வகுப்பு இலவசம். 'டெமோ' என்பார்கள். பிடித்தால் சேரலாம். என் மனைவியின் தங்கை சேர வரவில்லை. அன்று பத்து மணிக்கு ஒரு பள்ளியில் வரவேற்பாளர் வேலைக்கு அவளுக்கு நேர்காணல். ஒன்பது வருடம் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று நிச்சயம் கேட்பார்கள். அதற்கான பதிலை, முன்பின் தெரியாத ஒருவரிடம் ஆங்கிலத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். துணைக்கு நான்.

ஆசிரியர் வந்தார். முப்பது பேர் உட்காரும் அறைக்குக் காதோரம் மைக். கிவ் அப், கிவ் இன், கிவ் அவே என்று அவர் முழங்க, வகுப்பு மந்திரம் போலத் திருப்பிச் சொன்னது. எந்த உதாரணத்திலும் ஒரு பணக்காரர் ஒரு ஏழைக்கு ஆப்பிள் கொடுத்தார். பதினான்காவது அர்த்தத்திலும் அதே ஆப்பிள். ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் அந்த அறையில் பேசியவர் அவர் ஒருவர்தான்.

அவள் மூன்று முறை கை தூக்கினாள்.

"டவுட்ஸ் லாஸ்ட்லோ அம்மா" என்றார் தெலுங்கில்.

கடைசியில் அருகே போனபோது, சேர்ந்தவர்களுக்குத்தான் சந்தேகம் தீர்க்கப்படும் என்று சொல்லி ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"இருபத்தெட்டையும் எழுதிட்டீங்களா அத்தான்?" என்றாள் படியிறங்கும்போது.

எழுதியிருந்தேன். பத்திரிகை அலுவலகப் பழக்கம்.

"நக்கோ, வேணாம், கிழிச்சுப் போடுங்க. நான் சொல்றதக் கேளுங்க."

மெட்ரோ படிக்கட்டில் நின்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். மகளுக்காக வேலையை விட்டேன், இப்போது அவள் தானே பள்ளிக்குப் போகிறாள், எனக்கு வேலை வேண்டும். அதற்குள் இரண்டு இடத்தில் திருத்திவிட்டேன். முப்பது வருடம் அடுத்தவர் எழுதியதைத் திருத்திப் பிழைத்தவனுக்கு வாய் சும்மா இருக்காது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

"நீங்களும் ஒரு மைக் வாங்கி மாட்டிக்குங்க அத்தான்."

பள்ளி வாசலில் அவளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காத்திருந்தேன்.

பத்தே முக்காலுக்கு வெளியே வந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டார்களாம். என் திருத்தங்களை விட்டுவிட்டுத் தன் வாக்கியத்தையே சொன்னாளாம். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.