பால் முந்திக்கொண்ட காலை

தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் எனக்குப் பின்னால் வந்த என் மனைவி எஸ்தர்தான் முதலில் கவனித்தாள். "என்னங்க, இடது கையை வீசாமலே நடக்கறீங்க?" பை பிடித்த பழக்கமாயிருக்கும் என்றேன். பை அவளிடம்தான் இருந்தது.

பிறகு அந்தக் கை சும்மா இருக்கும்போதெல்லாம் நடுங்கியது. பார்க்கின்சன் (மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்து அசைவு தளரும் நோய்) என்றார் மருத்துவர். குணமாகாது, சமாளிக்கலாம் என்றார்.

லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமினாக மாறும் மருந்து) சில வருடங்கள் என்னை மனிதனாக வைத்திருந்தது. அப்புறம் காலை மாத்திரை ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் கைவிரிக்கும். மருத்துவரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"பாலோட போடறீங்களா சார்?"

"பின்னே? வெறும் வயித்துல எப்படிப் போடறது?"

"இது சிறுகுடலுக்குப் போய் அங்கேருந்துதான் ரத்தத்துல ஏறணும் சார். பால், முட்டை, பருப்புல இருக்கற புரதமும் அதே வழியாதான் போகும். அது முந்திக்கிட்டா மாத்திரை வெளியவே நிக்கும். முழுங்கியாச்சுங்கறது வேற, மூளைக்குப் போயாச்சுங்கறது வேற."

நம் வீடுகளில் மாத்திரை என்றாலே சாப்பிட்ட பிறகுதான். இதே மருந்தை விழுங்குகிறவர்கள் எதோடு, எப்போது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியும் வையுங்கள். நான் எல்லோருக்கும் சொல்லவில்லை.

மகள் ஷைனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் சபையில் மணப்பெண்ணைத் தகப்பன்தான் கைபிடித்துப் பீடம்வரை அழைத்துப்போவார். "மாமால்லாம் வேணாம்ப்பா, நீங்கதான் வரணும்," என்றாள். எனக்கும் அந்த ஒரு நடை போதும் என்றிருந்தது.

கல்யாணக் காலையில் எஸ்தர் பெண்ணை அலங்கரிக்கப் போய்விட்டாள். பள்ளிக்கரணையிலிருந்து வந்த என் அக்கா கிரேஸ் எனக்குத் துணையிருந்தாள். முந்தைய வேளை மருந்தின் வேகம் தீர்ந்திருக்கும் காலைகளில் என் குரல் எழும்பாது. அக்கா பாலும் அவித்த முட்டையும் கொண்டுவந்தாள்.

"வெறும் வயித்துல போட்டா புண்ணாயிடும்டா தம்பி. இன்னிக்கு நீ நடக்கணும்ல, தெம்பு வேணாமா?"

வேண்டாமென்று கையை ஆட்டினேன். அந்தக் கை எப்போதும் ஆடுவதுதானே. அவள் முட்டையைப் பிட்டு ஊட்டினாள். அதன் பிறகு மாத்திரையைத் தந்தாள்.

ஆலய வாசலில் ஷைனி என் கையைப் பிடித்தாள். பாட்டு தொடங்கியது. நிலைப்படியில் என் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன.

"போலாம்ப்பா."

பாட்டை இரண்டாம் முறை வாசித்தார்கள். "மெதுவா வாங்கப்பா, அவசரமில்ல," என்றாள். உள்ளே எல்லோரும் திரும்பிப் பார்த்தபடி நின்றார்கள். கடைசியில் என் மைத்துனர் வந்து அவளை அழைத்துப்போனார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். இதற்குச் செத்தே போயிருக்கலாம் என்று நினைத்தேன்.

அக்காவிடம் இன்றுவரை நான் காரணம் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டாள்.

உங்களுக்கெல்லாம் கடிகாரம் சுவரில் இருக்கிறது. எனக்கு ரத்தத்தில் மருந்து ஏறினால் பொழுது விடியும், இறங்கினால் அடைந்துவிடும். அன்று எல்லோரும் பக்கத்து ஹாலில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விடிந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுந்தேன். கால் வந்தது. காலியான ஆலயத்தில் பீடம்வரை நடந்தேன். இடது கைகூட வீசியது.

"வந்துட்டேம்மா," என்றேன். குரலும் நன்றாக எழும்பியது.