ஆட்சேபணை இல்லையெனக் கொள்ளப்படும்

குறித்த கெடுவுக்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று கொள்ளப்படும். பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ கடிதங்களை இந்த வாசகத்தோடு முடித்திருக்கிறேன். எழுதுகிறவனுக்கு வசதியான விதி. வாய் திறக்காதவன் சம்மதித்துவிட்டான் என்பதைவிடப் பெரிய வசதி ஓர் அலுவலகத்துக்கு வேறென்ன வேண்டும்? என் நண்பருக்கு எழுதிய கடிதத்தையும் அப்படித்தான் முடித்தேன். பதினைந்து நாள் கெடு.

நண்பரும் நானும் கோவையில் ஓர் அரசு அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்கள். அவருக்கு விபத்து இழப்பீட்டுப் பிரிவு. ‘வலது கால், முழங்காலுக்குக் கீழ்’ என்பது போன்ற வரிகளைப் படித்துக் குறிப்பெழுதுவது அவர் வேலை. ஓய்வுக்குப் பிறகும் அந்தக் கால்கள் அவரை விடவில்லை. ஒருநாள் காலை நடையின்போது, அந்தியூர் வரைக்கும் நடப்போமா என்று கேட்டார். வழியெல்லாம் மக்களிடம் கேட்டு, கிடைப்பதைச் செயற்கைக் கால் பொருத்தும் ஒரு சிறிய அறக்கட்டளைக்குக் கொடுப்பது திட்டம். அன்னூர், புளியம்பட்டி, சத்தி, கோபி, அந்தியூர் என்று ஆறு நாள் நடை. எங்கே தங்குவது, எந்தக் கடையில் சாப்பிடுவது என்று கோப்பே தயாரித்துவிட்டார். அதில் குறை கண்டுபிடித்தது நான். எங்கள் வேலைப் பிரிவினை எப்போதும் அதுதான்.

அவர் யாரையும் முகத்துக்கு நேரே மறுத்ததில்லை. கோப்பின் ஓரத்தில் ‘பேசுக’ என்று எழுதி, கீழே சுருக்கொப்பமும் தேதியும் போட்டு அனுப்பிவிடுவார். இது சரியில்லை, என் மேசைக்கு வாருங்கள் என்று பொருள். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் எனக்கும் அப்படியே எழுதுவார். எழுந்து போவேன். பேசி முடிக்கும்போது அவர் சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும். எரிச்சலோடு திரும்பி வருவேன்.

எங்கள் இருவர் படமும் போட்ட துண்டறிக்கை அச்சாகி வந்த வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் பேச்சும் போயின. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது என்றார் மருத்துவர். ஞாயிறுதோறும் போய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக் காட்டுவேன். நடையைப் பற்றி மட்டும் நான் பேச்செடுக்கவில்லை.

தை பிறக்கும் சமயத்தில், நான் மட்டுமாவது போய்விடுவது என்று முடிவு செய்தேன். அவரிடம் வாயால் கேட்டிருக்கலாம். கடிதமாக எழுதி, உறையை ஒட்டி, அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பதினாறாம் நாள் காலையில் கிளம்பினேன்.

கொங்கு நாட்டில் தையில் நெடுஞ்சாலையோரம் பையோடு நடக்கிற எவனும் பழனிக்குப் போகிறவன்தான். வடக்குப் பார்த்து நடந்தால் வழி தவறிய பக்தன். எதிரே வந்த காவடிக் கூட்டங்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தன. அன்னூர் தாண்டி ஒரு டெம்போக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

“ஏறுங்க சாமி, அவிநாசியில எறக்கி உடறேன். வண்டியில வந்தீங்கன்னு ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்.”

அந்தியூர் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. துண்டறிக்கையைக் கொடுத்தேன். படித்துவிட்டு, நான் கையில் வைத்திருந்த உண்டியலில் நோட்டைப் போட்டார். அப்படியும் போகும்போது பழனி இருக்கும் திசையைக் கையால் காட்டிவிட்டுத்தான் போனார்.

புளியம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. கடை நடத்துகிற அம்மாளும் முதலில் சாமி என்றுதான் அழைத்தார். துண்டறிக்கையை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். அந்தப் பாதையில் அதை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

“இதுல ரெண்டு பேரு இருக்கறீங்க. இன்னொருத்தரு பின்னால வாராருங்களா?”

அவர் படுத்த படுக்கையாக இருப்பதைச் சொன்னேன்.

“போயிட்டு வாங்கன்னு சொன்னாருங்களா?”

சொல்லவில்லை, ஆட்சேபிக்கவும் இல்லை என்றேன். எனக்கே அது கடிதத்தின் கடைசிப் பத்தி போலக் கேட்டது.

“அப்ப நீங்க கேக்கலைன்னு சொல்லுங்க,” என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. பிறகு படத்தைப் பார்த்து, “பாருங்க, இவருதான் சிரிச்சுட்டு நிக்கறாரு. நீங்க பஸ்ஸுக்கு நிக்கறாப்புல நிக்கறீங்க,” என்றார்.

டீக்குக் காசு வாங்கவில்லை.

அதற்குப் பிறகு நடை சுகமாக இல்லை. கால் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் சத்தி பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து நண்பரின் மனைவியிடம் தொலைபேசியில் பேசினேன். கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அவர் என்ன செய்தார் என்று விசாரித்தேன்.

“கவர் ஒட்டியிருந்ததுங்களேண்ணா. அவரு பேரும் போட்டிருந்தது. அவருக்கு வந்ததை நான் எப்படிப் பிரிக்கறதுங்க? கண்ணுக்குத் தெரியட்டும்னு எதுத்தாப்புல மேசை மேலயே வெச்சிருக்கறேன். தெனமும் அதையேதான் பாத்துட்டு இருக்கறாருங்க.”

என் கையெழுத்து அவருக்குத் தெரியும். பிரிக்கச் சொல்லக் குரல் இல்லை, பிரிக்கக் கை இல்லை. நான் கெடுவை எண்ணிக்கொண்டிருந்த பதினைந்து நாளும் அவர் அந்த உறையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நடுவில் இரண்டு ஞாயிறு நானும் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன். மேசைப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

கெடு என்பது, உரியவருக்குக் கடிதம் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். இதைச் சொல்லி எத்தனையோ பேருடைய கோப்புகளைத் திருப்பி அனுப்பியவன் நான். விதிப்படி என் நடைக்கு ஒப்புதலே இல்லை. கோவை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறிக்கொண்டேன். நாள்கணக்கில் நடந்து கடந்த ஊர்களை ஒரு தூக்கம் போடுவதற்குள் பஸ் திருப்பிக் கடந்துவிட்டது.

அன்று மாலையே அவர் எதிரில் உறையைப் பிரித்துப் படித்தேன். கெடு வாசகத்தையும் விடவில்லை. பிறகு கடிதத்தில் இல்லாததையும் சொன்னேன். நேரில் கேட்டால் அவர் தலையை அசைத்து வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயந்துதான் எழுதினேன் என்றேன். அவர் இல்லாமல் பாதி தூரம் போய்விட்டேன் என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். உண்டியலில் சேர்ந்ததை அறக்கட்டளைக்கு அனுப்பிவிட்டேன்.

ஞாயிறுகள் பழையபடி நடந்தன. இடது கையால் எழுதிப் பழக்குகிறார்கள் என்று அவர் மனைவி சொன்னார். தேதி கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறமெல்லாம் கோடுகள். பிறகு வட்டங்கள். என்னிடம் எதையும் காட்டமாட்டார். நான் உள்ளே நுழைந்தால் பென்சிலைப் போர்வைக்குள் தள்ளிவிடுவார். நானும் கேட்கவில்லை. இந்த முறை கெடு எதுவும் வைக்கவில்லை.

ஒரு ஞாயிறு போனபோது அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வழக்கமாகப் போடும் நாற்காலி அன்று அவருக்கு இரண்டடி தள்ளிப் போடப்பட்டிருந்தது. அவர் மனைவி ஓர் உறையைக் கொடுத்தார். ஒட்டியிருந்தது. உள்ளே என் கடிதமேதான். ஓரத்தில், சரிவில் உருள்வது போன்ற எழுத்துகளில், ‘பேசுக’.

நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன். கீழே சுருக்கொப்பம் இருந்தது. பழக்கம் விடாமல் அன்றைய தேதியும் போட்டிருந்தார்: ஆகஸ்ட் பதினெட்டு.