நிழலில் எடுத்த படங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், தீவிலிருக்கும் பாயான் லெப்பாஸில் டிஜிட்டல் கேமரா செய்யும் ஒரு தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். என்னோடு வேலை பார்த்த அக்கா அக்கரையிலிருக்கும் சுங்கை பாக்காப்பிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் கடல் பாலம் தாண்டி வருவார்.

இருட்டில் கேமரா எப்படிப் படம் எடுக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. சன்னலில்லாத அறையில் விளக்கைக் குறைத்து, வண்ணக் கட்டங்கள் அச்சடித்த ஓர் அட்டையைப் படம் எடுப்போம். வெளிச்சம் குறையக் குறைய சென்சார் தடுமாறும். கறுப்புக்குள் சிவப்பும் பச்சையுமாகக் குருணை தெளித்தாற்போல் புள்ளிகள் வரும். அதை நாய்ஸ் என்போம். அளவுக்குள் இருந்தால் பாஸ்.

ஒருநாள் அட்டை சரிந்துகொண்டே இருந்ததால் அக்கா அதைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தார். படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தோம். அட்டையின் நிறங்கள் சரியாகத்தான் இருந்தன. அக்காவின் முகம் மட்டும் சாம்பலும் பச்சையுமாக இருந்தது.

“என்னாம்மா இது, பாசி புடிச்ச மாதிரி இருக்கேன்?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “நம்ம கல்யாணம், காதுகுத்து எல்லாம் பந்தலுக்குள்ளதானே. அங்க இந்தக் கேமரா நம்மள எப்படி எடுக்கும்?”

எங்கள் பிரிவின் சீன எஞ்சினியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “அட்டை பாஸ்தானே?” என்றார் முதலில். பிறகு அவரே வந்து அதே வெளிச்சத்தில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முகம் ஏறக்குறைய சரியாக வந்தது. அக்காவின் முகம் வரவில்லை. அட்டையைக் கையிலெடுத்துப் பார்த்தவர், “அட்டையில இந்த நிறத்துக்குக் கட்டமே இல்ல. தலைமையகத்துக்கு அனுப்புவோம். நிறையப் படம் வேணும்” என்றார்.

அதிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கா கேமரா முன் உட்காருவார். “இன்னைக்கு மல்லியப்பூ வெச்சிருக்கேன். வெள்ளையாச்சும் ஒழுங்கா வருதா பாரு லா” என்பார்.

இந்த மாடலை இனி மாற்ற முடியாது, அடுத்ததில் சரிசெய்கிறோம் என்று பதில் வந்தது. அடுத்தது வருவதற்குள் அக்கா மாரடைப்பில் போய்விட்டார்.

சில நாள் கழித்து அவர் கணவர் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார். “போட்டோவுக்கு உக்காந்தேன்னு தெனமும் சொல்லுவாம்மா. வீட்டுல கல்யாணப் படத்த விட்டா வேற இல்ல. ஒண்ணு குடுத்தீங்கன்னா மாலை போட்டுருவேன்.”

எஞ்சினியர் மேலே கேட்டு அனுமதி வாங்கினார். இருவரும் உட்கார்ந்து தேடினோம். அக்கா நூற்றுக்கணக்கான படங்களில் இருந்தார், எல்லாமே நிழலில். கொஞ்சம் வெளிச்சமாக்கிப் பார்த்தால் புள்ளிகள் இன்னும் கிளம்பின. இருப்பதில் தேவலாம் என்று ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தோம்.

கருமாதிக்குப் போயிருந்தேன். சுவரில் அந்தப் படம், சந்தன மாலையோடு. “சிரிப்பு அவளுதுதான்” என்றார் கணவர். “நெறந்தான்...” என்று இழுத்தவர், வந்தவளை வருத்தப்படுத்தக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, “சாப்ட்டுட்டுப் போம்மா” என்றார்.

புது மாடல் வந்தபோது எஞ்சினியர் என்னை உட்காரச் சொன்னார். எனக்கும் அக்காவின் நிறம்தான். நிழலிலும் மாநிறம் மாநிறமாகவே வந்தது. அவர் பாஸ் என்று குறித்துக்கொண்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அத்தனை மத்தியானங்களில் ஒருநாளாவது, அறை விளக்கை முழுசாகப் போட்டு, அக்காவுக்கென்று ஒரு படம் எடுக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.