மனுவின் அடியில் இரண்டு எழுத்து

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவசர நிலை வந்த வருடம், டெல்லியில் குளிர் தொடங்கியிருந்தது. லோதி ரோடில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். சாயங்காலங்களில், இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளிக் குடியிருந்த தமிழ் வக்கீல் ஒருவருக்கு டைப் அடித்துக் கொடுப்பேன். அரசு ஊழியன் அப்படிச் செய்யக்கூடாது. யாருக்கும் தெரியாமல்தான் போய்வந்தேன்.

அன்று அவர் வீட்டில் சேலத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் டெல்லியிலேயே ஒரு தொழிற்சாலையில் யூனியன் செயலாளர். போலீஸ் அழைத்துப்போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. எங்கே, எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. அவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவை நான்தான் அடித்தேன். அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

“எமர்ஜென்சியில இதைக் கேக்கவே உனக்கு உரிமை இல்லைன்னு சர்க்கார் வக்கீல் சொல்வாரும்மா. ஆனாலும் கேட்டுப் பாக்கலாம்” என்றார் வக்கீல்.

திரும்பி வந்து என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அலுவலகத்தில் எந்தக் கடிதம் அடித்தாலும், இடது ஓரத்தில் அடியில் டைப்பிஸ்ட் தன் இனிஷியலைச் சின்ன எழுத்தில் போடவேண்டும். யார் அடித்தது என்று தெரிவதற்காக. கைப்பழக்கத்தில் அந்த மனுவிலும் போட்டுவிட்டேன்!

பஸ்ஸில் ஏதோ பேசினார் என்று எங்கள் பிரிவில் ஒருவரைக் கூப்பிட்டு விசாரித்திருந்த சமயம் அது. திரும்ப ஓடினேன். எதிரே ஜீப் வந்தால் மரத்தடியில் ஒதுங்கி நின்றேன்.

விஷயத்தைக் கேட்டு வக்கீல் சிரித்தார். “யோவ், இந்த ரெண்டு எழுத்துக்கு டெல்லியில எத்தனை மதராஸி டைப்பிஸ்ட் இருக்கான்! உன்னை எங்கேன்னு தேடுவான்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றி அடித்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“அடிக்கட்டுங்க சார். அண்ணன் வீட்லயும் புள்ளைங்க இருக்கும். எங்க வூட்ல ஒருத்தர் உள்ள போனதே போதும்.”

அவசரத்தில் தப்பும் தவறுமாக அடித்து இரண்டு தாள்களைப் பாழாக்கினேன். அவள் பொறுமையாகக் காத்திருந்து, மறுபடி கையெழுத்துப் போட்டாள். “இப்ப சரிங்களாண்ணா?” என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதன்பிறகு வக்கீல் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. அவள் கணவர் அவசர நிலை முடிந்த பிறகுதான் வீடு திரும்பினார் என்று காதில் விழுந்தது. காரணம் சொல்லாமல் ஒரு மனிதனைப் பிடித்து வைக்கக்கூடாது என்று சட்டம் தெரிந்தவர்கள் மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவுதான். தன் புருஷனுக்கு எங்கேயும் கிடைக்காத பாதுகாப்பை, முன்பின் தெரியாத எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று திருத்தி அடித்த மனு மறுநாளே தாக்கலானது. விசாரணையை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். நான் வழக்கமான பஸ்ஸில் அலுவலகம் போனேன்.